இஞ்சின் துரையின் பெயர்

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து புஞ்சாக் ஆலாம் போகிற சாலையில், புது வீடமைப்புப் பகுதி ஒன்றின் வாசலில் ஒரு வட்டச் சந்தி இருக்கிறது. பள்ளிப் பேருந்து ஓட்டும் டக்ளஸ் அதைச் சுற்றும்போதெல்லாம் ஒரு தடவை ஹாரன் அடிப்பார். முன்னால் வண்டி நிற்க வேண்டும், குறுக்கே மோட்டார் சைக்கிள் வர வேண்டும் என்ற அவசியமெல்லாம் இல்லை. பொம்மென்று ஓர் அடி, அவ்வளவுதான். பேருந்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அது பழகிப்போய்விட்டது. அவர் மறந்துவிட்டால், "அங்கிள், தாத்தாவுக்கு வணக்கம் சொல்லல லா" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

அந்த வட்டத்தின் நடுவில் பூச்செடிகளுக்கு மத்தியில் ஒரு பழைய இஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. உடம்பு பச்சை, ஆளுயரச் சக்கரம் சிவப்பு. ஒரு காலத்தில் பிராம்லி தோட்டத்து ரப்பர் ஆலையை ஓட்டிய இஞ்சின் அது. தோட்டத்தை விற்றார்கள், மரத்தை வெட்டினார்கள், தொழிலாளர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். வீடு கட்ட வந்தவர்களுக்கு அந்த இஞ்சினைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட ஏனோ மனசு வரவில்லை. வாசலில் வைத்து, வருஷா வருஷம் பெயிண்ட் அடித்து அழகு பார்க்கிறார்கள். அதன் விலாவில், வார்ப்பு இரும்பிலேயே புடைத்து நிற்கும் பெரிய ஆங்கில எழுத்துகளில் 'ஹாட்லி' என்று இருக்கும். டக்ளஸ் ஹாரன் அடித்தது அந்தப் பெயருக்குத்தான்.

காரணம், அவருடைய அப்பாவின் அடையாள அட்டையில் இருந்ததும் அதே பெயர்: ஃபிரான்சிஸ், தகப்பன் பெயர் ஹாட்லி.

டக்ளஸுக்கு வயது அறுபத்தொன்று. நிறத்தில் நம்மாள்தான், வெயிலில் காய்ந்த நிறம். ஆனால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினால் புதிதாகப் பார்க்கிறவர்கள் ஒரு நொடி பேச்சை நிறுத்துவார்கள். பூனைக் கண். அப்பா ஃபிரான்சிஸுக்கு அந்தக் கண்ணோடு வெளுத்த தோலும் சேர்ந்து வந்திருந்தது. அவரைப் பெற்ற அன்னம்மா பிராம்லி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தகப்பன் ஓர் ஆங்கிலேயர். இஞ்சினைக் கப்பலில் மலாயாவுக்குக் கொண்டுவந்து பூட்டியவர், பூட்டிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ள இங்கேயே தங்கிவிட்டவர். தோட்டத்தில் பெரிய துரை, சின்னத் துரை என்று இருந்ததால் இவர் இஞ்சின் துரை. அதற்கு மேல் அவருக்கு ஒரு பெயர் இருந்ததா என்று லயத்தில் யாரும் கவலைப்படவில்லை.

ஃபிரான்சிஸுக்கு மூன்று வயதாகும்போது இஞ்சின் துரை இல்லாமல் போனார். காய்ச்சலில் செத்தார் என்றார்கள் சிலர். கப்பலேறி ஓடிப்போனார் என்றார்கள் பலர். இரண்டாவதுதான் சொல்லுவதற்கு ருசியான கதை, அதனால் அதுவே நிலைத்தது. அடுத்து வந்த உலக யுத்தத்தில் துரைமார்கள் ஓடினார்கள், ஆபீஸில் இருந்த காகிதமெல்லாம் எரிந்தது. 'அப்பன் பேர் தெரியாதவன்' என்ற வசவைக் கேட்டுக்கொண்டே ஃபிரான்சிஸ் வளர்ந்தார், தோட்டத்து லோரி ஓட்டினார், கலியாணம் செய்தார். யாராவது அந்த வார்த்தையை எடுத்தால் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டுவார். வேறு சண்டைக்குப் போகமாட்டார். ஹாட்லி என்ற அந்த ஒரு சொல்தான் அவருக்கு வேலி.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் மணி அடிக்கும்வரை டக்ளஸுக்கு வேலை இல்லை. மற்ற ஓட்டுநர்கள் கடையில் தே தாரிக் குடித்து அரசியல் பேசுவார்கள். இவருக்கு அரசியல் பேசினால் கோபம் வரும், கோபம் வந்தால் ரத்த அழுத்தம் ஏறும். ஆகவே பள்ளிக்கூடத்துக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் பேருந்தை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, கடைசி இருக்கையில் காலை நீட்டிக் கைப்பேசியை எடுத்துவிடுவார். ரவாங்கில் இருக்கும் மகள் நித்தியா ஒருமுறை வந்திருந்தபோது, இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் பழைய பதிவுகளையெல்லாம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். யார் எந்த வீட்டில் பிறந்தார், யார் யாரைக் கட்டினார், எந்தக் கப்பலில் ஏறினார், எந்தக் கல்லறையில் கிடக்கிறார், எல்லாம் இருந்தது. டக்ளஸ் அதில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஹாட்லி குடும்பத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகவே இல்லை. லிங்கன்ஷயர் பக்கத்தில் இஞ்சின் செய்து உலகத்துக்கெல்லாம் அனுப்பிய முதலாளிகள் அவர்கள். பெரிய வீடு, பெரிய தோட்டம், பெரிய தாடி. அந்தக் குடும்பத்துப் பையன்களில் ஒருவன் சொந்தக் கம்பெனி இஞ்சினோடு மலாயாவுக்கு வந்திருக்கிறான் என்று டக்ளஸ் முடிவு கட்டினார். ஒன்றுக்கொன்று எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. தாடிக்காரரின் படத்தைக் கோலசிலாங்கூரில் ஒரு கடையில் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஹாலில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கல்லறைத் திருநாளுக்கு அதன் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார். வட்டச் சந்தி இஞ்சினிடம் போய் அந்த எழுத்துகளுக்குத் தோள் கொடுத்து நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டார். அவர் மனைவி கான்ஸ்டன்ஸ், "எங்கப்பா படம் ஸ்டோர் ரூம்ல, முன்பின் தெரியாத தாடிக்காரருக்கு ஹாலா?" என்று கேட்டதோடு விட்டுவிட்டார்.

ஃபிரான்சிஸுக்கு இதில் சந்தோஷம்தான். கண்ணில் பிரஷர் வந்து பார்வை போயிருந்தது. மகன் படித்துச் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவார். தொண்ணூறு வயது நெருங்கியதும் அவர் ஒரு காரியம் செய்தார். தமக்குக் கல்லறைக் கல்லை முன்கூட்டியே செய்யச் சொன்னார். பங்குக் கோவில் கல்லறைத் தோட்டத்தில் அன்னம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. கல்லில் தம் பெயரும் தகப்பன் பெயரும் வெட்டியிருக்க வேண்டும், அதைத் தாமே தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாக வேண்டும் என்றார். ஆயுசு முழுக்கக் கேட்ட வசவுக்குக் கல்லிலே ஒரு பதில். அதுதான் அவருடைய ஆசை, வேறொன்றுமில்லை.

கல்வெட்டுகிறவர் ஃபிரான்சிஸ் என்று வெட்டி முடித்து, கீழே தகப்பன் பெயருக்கு இடம் அளந்துகொண்டிருந்த வாரத்தில்தான் இங்கிலாந்திலிருந்து மின்னஞ்சல் வந்தது.

ஹாட்லி வீட்டு வாரிசான ஓர் அம்மாள் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம்தான். டக்ளஸ் அனுப்பிய கேள்விகளுக்கு இத்தனை நாள் பதில் தராததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். தங்கள் குடும்பத்து ஆண்கள் எல்லாருக்கும் கணக்கு இருக்கிறது, ஒருவர்கூட மலாயாவுக்குப் போனதில்லை என்றார். உங்கள் தாத்தா எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவராக இருக்கலாம், ஆனால் அப்படி ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள், அவர்களைப் பற்றிய காகிதம் எதுவும் இப்போது இல்லை என்று முடித்திருந்தார்.

டக்ளஸ் அதைப் பேருந்தில் உட்கார்ந்து மூன்று தரம் படித்தார். யாரோ வீட்டுத் தாத்தாவுக்கு இத்தனை வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறோமே என்ற வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்ற பயம். சொல்லாமல் இருந்துவிடலாம், கிழவருக்கு எப்படித் தெரியப் போகிறது என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது. ஆனால் பொய்யைக் கல்லில் வெட்டி, அதைப் பார்வையில்லாத அப்பாவின் விரலில் கொடுக்க அவரால் முடியவில்லை. அன்று மாலையே சொல்லிவிட்டார்.

ஃபிரான்சிஸ் கோபப்படவில்லை.

"அப்ப லயத்துல சொன்னதுதான் சரி. எனக்கு அப்பன் பேரு தெரியாது" என்றார்.

தாடிக்காரரின் படம் சுவரிலிருந்து இறங்கியது. பாதி வெட்டிய கல்லை டக்ளஸ் வீட்டுக்கே கொண்டுவந்து, கார் நிறுத்தும் இடத்தில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். வட்டச் சந்தியில் ஹாரன் சத்தம் நின்றது. பிள்ளைகள் ஞாபகப்படுத்தினால், ஹாரன் ரிப்பேர் என்று எரிந்து விழுந்தார். பிறகு அடுத்த முக்கிலேயே ஒரு மோட்டார் சைக்கிள்காரனைப் பார்த்து அதே ஹாரனை நீட்டி அடித்து மாட்டிக்கொள்வார்.

சில வாரங்கள் போயின. ஒருநாள் அப்பாவுக்கு முகம் மழித்துவிட்டுக்கொண்டிருக்கும்போது டக்ளஸுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. அப்பாவிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார், இதை மட்டும் கேட்டதே இல்லை.

"ஹாட்லின்னு ஒங்களுக்கு யாருப்பா சொன்னது? பாட்டியா?"

"அவங்க எப்படிச் சொல்லுவாங்க? புருசன் பேர எந்தப் பொம்பள வாயால சொல்லுவா? செத்தவருன்னாலும் சொல்ல மாட்டாங்க. என்னைய ஸ்கூல்ல சேக்கறப்ப கிராணி எழுதுனதுதான்."

பிறகு நடந்ததைச் சொன்னார். அப்போது அவருக்கு ஏழு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெயர் பதிய அன்னம்மா அழைத்துப்போயிருந்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் புதிது, இஞ்சின் துரையைப் பார்த்ததே இல்லை. தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார். அன்னம்மா வாய் திறக்கவில்லை. கிராணி மறுபடி கேட்டார், அதட்டிக் கேட்டார். அன்னம்மா பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆலைக்குள் போனார். கிராணி பின்னாலேயே போனார். ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை அன்னம்மா தொட்டுக் காட்டினார். கிராணி கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார், சிரித்தார், எழுதிக்கொண்டார். பெரிய துரையும்கூட இஞ்சின் துரையை 'ஹாட்லி கம்பெனி ஆள்' என்றுதான் சொல்லுவார். அதனால் அந்தப் பெயரைக் கேட்டபோது அன்னம்மாவுக்கும் தப்பாகத் தோன்றவில்லை. வெள்ளைக்காரனுக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

டக்ளஸின் கையில் சவரக் கத்தி அப்படியே நின்றது. கிராணி எழுதியது இஞ்சின் செய்த கம்பெனியின் பெயர். அவ்வளவுதான் விஷயம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஒருத்தி வாயை மூடியதற்கு, மூன்று தலைமுறை ஓர் இரும்பின் பெயரைத் தகப்பன் பெயராகச் சுமந்திருக்கிறது.

"இரும்பைக் காட்டுனா கிராணி வேற என்னாத்த எழுதுவாரு, பாவம்" என்றார்.

"இரும்பைக் காட்டல. குனிஞ்சு ஒரு எடத்தக் காட்டுனாங்க. சூடு பட்டுக் கைய ஒதறுனது இன்னும் என் கண்ணுலயே இருக்கு."

"குனிஞ்சா?"

"குனிஞ்சுன்னுதானே சொல்றேன். நானே அப்ப ஏழு வயசுப் பய. அவங்க கை என் முட்டிகிட்ட இருந்துச்சு."

டக்ளஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். இஞ்சினோடு எடுத்துக்கொண்ட படம் அதில் இருந்தது. ஹாட்லி என்ற எழுத்துகள் அவருடைய தோள் உயரத்தில் இருந்தன. அன்னம்மா அதைக் காட்டியிருந்தால் கையை உயர்த்தியிருப்பார், குனிந்திருக்க மாட்டார். அப்பாவின் ஒரு கன்னத்தில் நுரை அப்படியே இருக்க, டக்ளஸ் பேருந்துச் சாவியைத் தேடினார்.

வட்டச் சந்தியில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நகராண்மைத் தோட்டக்காரர், ஒரு பெரிய மனிதர் செடிகளுக்குள் மண்டி போட்டு இஞ்சினின் அடிப்பாகத்தைச் சாவியால் சுரண்டுவதைப் பார்த்து ஓடிவந்தார். என்ன செய்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். தாத்தாவைத் தேடுகிறேன் என்று டக்ளஸ் மலாயிலேயே சொன்னார். தோட்டக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர், செடி வெட்டும் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வருஷக்கணக்கான பெயிண்ட் தோல் தோலாக உரிந்தது. பச்சைக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே இரும்பு. முட்டி உயரத்தில், பீடத்தின் ஓரத்தில், எழுத்துகள் இருந்தன. வார்ப்பு எழுத்துகள் அல்ல. ஒவ்வோர் எழுத்தாக உளி வைத்துச் சுத்தியலால் அடித்துப் பதித்தவை. பேருந்துச் சட்டத்தில் எண் பதிப்பதை டக்ளஸ் பட்டறையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். ஒன்றிரண்டு எழுத்து சாய்ந்திருந்தது. ஏ. டன்னட், ஃபிட்டர், 1930.

டக்ளஸ் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். எத்தனை வருஷமாக இதைச் சுற்றிச் சுற்றி ஹாரன் அடித்திருக்கிறார். மேலே இருந்த பெயருக்கு அடித்த ஹாரன், கீழே இருந்த பெயருக்கும் கேட்டிருக்கத்தானே வேண்டும்.

அதன் பிறகு பதிவுகள் திறந்துகொண்ட விதத்தை டக்ளஸ் இன்றைக்கும் நம்ப முடியாமல்தான் சொல்லுவார். டன்னட் என்பது ஹாட்லி கம்பெனி இருந்த ஊர்ப்பக்கத்தில் மட்டும் புழங்கும் பெயர். பழைய பதிவுகளைப் படியெடுத்து இணையத்தில் ஏற்றும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் லிங்கன்ஷயரில் இருந்தார். டக்ளஸ் மதியம் கேள்வி அனுப்பினால், மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருவதற்குள் பதில் வந்து கிடக்கும்.

முதலில் கப்பல் பட்டியல். ஆர்தர் டன்னட், வயது முப்பத்தொன்று, கலியாணமாகாதவர், இஞ்சின் ஃபிட்டர், லண்டனிலிருந்து மலாயாவின் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம். பக்கத்து வரிகளில் தோட்ட மேலாளர்கள், அவர்களின் மனைவிமார்கள், அரசாங்க அதிகாரிகள். இவர் பெயர் தனியாக, மூன்றாம் வகுப்பில்.

பிறகு குடிக்கணக்கு. 1911ஆம் வருஷத்துத் தாளை வீட்டுத் தலைவரே தம் கையால் நிரப்பியிருந்தார். ஆர்தருக்கு அப்போது பன்னிரண்டு வயது. தகப்பன் ஜான், வார்ப்பாலைக் கூலி. தாய் எல்லன். பிறந்த பிள்ளைகள் ஒன்பது, உயிரோடு இருப்பவர்கள் ஆறு. வீட்டில் அறைகள் மூன்று. கோணல்மாணலான கையெழுத்து. இறந்த பிள்ளைகளுக்கான கட்டத்தில் எழுதிய எண்ணின் மேல் மை திட்டாகப் படிந்திருந்தது. பேனா அங்கே நின்றிருக்கிறது. நூற்றுப் பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் நின்ற பேனாவைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து டக்ளஸ் பெரிதாக்கிப் பார்த்தார்.

வீட்டு முகவரி, ஃபவுண்ட்ரி ரோ, நாலாம் எண். ரோ என்றால் என்ன என்று டக்ளஸ் கேட்டார். ஆசிரியை ஒரு பழைய படத்தை அனுப்பினார். ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டு நீளமாகப் போகும் வீடுகள். எல்லாம் கம்பெனி கட்டியவை. வேலை போனால் வீடும் போகும். வீட்டுக்கு ஒரு கதவு, ஒரு சன்னல், பொதுவில் ஒரு தண்ணீர்க் குழாய். விடியுமுன்னே மணி அடிக்கும், எல்லாரும் ஒன்றாக இறங்கிப் போவார்கள் என்று எழுதியிருந்தார்.

டக்ளஸ் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேருந்தில் ஆளில்லாத இருக்கைகளைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"இது லயம்லா."

துரை என்று கூப்பிட்டார்களே, அந்த மனுஷன் லயத்துப் பிள்ளை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்தால் எழுந்து ஓடிய வீட்டுப் பிள்ளை. அவன் கடல் தாண்டி வந்து இன்னொரு லயத்தில்தான் தனக்குத் துணை தேடியிருக்கிறான். தாடிக்கார முதலாளியின் படத்தை மாட்டி வைத்திருந்தபோது வராத பெருமை டக்ளஸுக்கு இப்போது வந்தது. அதைப் பெருமை என்பதா, ஆச்சரியம் என்பதா என்று அவருக்கே தெரியவில்லை. கண் கலங்கியது மட்டும் தெரிந்தது.

எல்லனின் கலியாணப் பதிவும் வந்தது. கையெழுத்து இடத்தில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் பாதிரியார் எழுதிய பெயர். அன்னம்மாவின் பழைய அடையாள அட்டையைக் கான்ஸ்டன்ஸ் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டுவந்தார். அதில் பெருவிரல் ரேகை. மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, பார்த்திருந்தாலும் ஒரு வார்த்தை புரிந்திருக்காது. இருவருக்கும் தங்கள் பெயரை எழுதத் தெரியாது. கான்ஸ்டன்ஸ் இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

கடைசியாக வந்தது ஒரு கல்லறை வாசகம். ஆசிரியை தாமே அந்த ஊர்த் தேவாலயத்துக்குப் போய்ப் பாசியைத் தேய்த்துப் படித்திருந்தார். எல்லன் டன்னட், 1941. அதற்குக் கீழே: அவள் மகன் ஆர்தர், 1937இல் மலாயாவில் இறந்தவன், அவன் நினைவாகவும்.

கப்பலேறி ஓடவில்லை. இங்கேதான் செத்திருக்கிறார். மகன் உடம்பு கிடைக்காத ஒரு தாய், தன் கல்லில் அவனுக்கு இடம் கொடுத்திருக்கிறாள்.

அன்று மாலை டக்ளஸ் எல்லாவற்றையும் வரிசையாக அப்பாவுக்குப் படித்துக் காட்டினார். ஃபிரான்சிஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்பது பிள்ளைகளில் மூன்று போன கதைக்குச் சிலுவை போட்டுக்கொண்டார். கல்லறை வாசகத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். டக்ளஸ் உற்சாகமாக, நாளைக்கே கல்வெட்டுகிறவரைக் கூப்பிடலாம் என்றார். ஃபிரான்சிஸ் தலையை ஆட்டி மறுத்தார்.

"நல்ல குடும்பம். கேக்கக் கேக்க எனக்கே ஆசையாத்தான் இருக்கு. ஆனா அந்த வீட்டுப் புள்ள நான்னு எங்க எழுதியிருக்கு?"

ஆர்தரும் அன்னம்மாவும் கலியாணம் செய்ததற்கு எந்தக் கோவில் பதிவிலும் வரி கிடைக்கவில்லை. இஞ்சினில் பெயர் இருக்கிறது, சரி. இஞ்சின் பூட்டிய ஃபிட்டரின் பெயர் அது. அன்னம்மா அந்த இடத்தைத்தான் தொட்டார் என்பதற்கு ஓர் ஏழு வயதுப் பையனின் ஞாபகம்தான் சாட்சி. எச்சிலை அனுப்பிச் சோதனை செய்து சொந்தத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று நித்தியா போனில் சொன்னாள். எச்சில் துப்பிக் காட்டித்தான் என் அப்பனை நான் கேட்டு வாங்கணுமா என்று கிழவர் அந்தப் பேச்சை அதோடு நிறுத்தினார். ஒரு பெயரை நம்பி ஏமாந்தாயிற்று. இன்னொரு பெயரைக் கல்லில் வெட்டி, அதுவும் இல்லையென்று செத்த பிறகு யாராவது வந்து சொன்னால் எழுந்துவந்து திருத்தவா முடியும் என்றார். கல் சுவரைப் பார்த்தபடியே இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து திரும்பும்போது ஃபிரான்சிஸ்தான் சொன்னார், அந்த இஞ்சினை ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன் என்று. பெரிய ஆசையோடு சொல்லவில்லை. போகிற வழிதானே என்பதுபோலச் சொன்னார்.

டக்ளஸ் பேருந்தை வட்டத்தின் ஓரத்தில் ஒதுக்கி, விளக்கை மினுக்கவிட்டு, அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கினார். கான்ஸ்டன்ஸ் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. இந்த முறை டக்ளஸ் திரும்பிக்கூட முறைக்கவில்லை. பேருந்திலிருந்து ஒரு சின்ன முக்காலி கொண்டுவந்து போட்டு, அப்பாவை உட்காரவைத்து, அவர் கையைப் பிடித்து அந்த எழுத்துகளின் மேல் வைத்தார்.

ஃபிரான்சிஸின் விரல் மெல்ல நகர்ந்தது. ஒவ்வோர் எழுத்தாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். லோரி ஓட்டிய கை, தழும்பேறிய விரல், இருந்தாலும் ஓர் எழுத்தையும் தவறவிடவில்லை. ஃபிட்டர் வரை வந்தது, வருஷம் வரை வந்தது, நின்றது. டக்ளஸ் அப்பாவைத் தூக்கிவிடக் குனிந்தார்.

"இரு. கீழ இன்னும் இருக்கு."

"ஒண்ணும் இல்லப்பா. அது வெறும் பெயிண்ட்."

"ஒனக்குப் பெயிண்ட். எனக்கு மேடு பள்ளம் தெரியுது. சொரண்டு."

டக்ளஸ் மண்டி போட்டுச் சாவியால் சுரண்டினார். பச்சை போனது, மஞ்சள் போனது, சாம்பல் போனது. மேல் வரியை அடித்த அதே உளிதான். ஆனால் இந்த வரி பிறகு அடித்தது. அதைவிடச் சின்னது, அதைவிட நிதானமாக, ஓர் எழுத்துகூடச் சாயாமல் அடித்தது. டக்ளஸ் படித்துவிட்டார். கான்ஸ்டன்ஸைப் பார்த்தார், அவரும் படித்திருந்தார். இருவரும் கிழவரின் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்கள்.

எஃப் என்றார் ஃபிரான்சிஸ். டி என்றார். பிறகு ஒன்று, ஒன்பது, மூன்று, நான்கு.

அது அவர் பிறந்த வருஷம்.

காரெல்லாம் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. ஃபிரான்சிஸ் உள்ளங்கையை விரித்து அந்த வரியின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். அவருடைய தாய் ஒரு நாள் குனிந்து கை வைத்த இடம் அது. சொல்லக் கூடாத பெயரை வாய் திறக்காமல் அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். தகப்பன் பெயரை மட்டுமா, பிள்ளை பெயரையும் சேர்த்தே காட்டியிருக்கிறார். படிக்கத் தெரிந்த கிராணிதான் குனிந்து பார்க்கவில்லை.

"என்னைய எழுதி வெச்சுட்டுத்தாண்டா போயிருக்காரு" என்றார் ஃபிரான்சிஸ். பார்வையில்லாத அந்தக் கண்களிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

வெகு நேரம் கழித்துத்தான் பேருந்தில் ஏறினார். ஏறி உட்கார்ந்ததும் கல்வெட்டுகிறவரை நாளைக்கு வரச் சொல் என்றார், ஆர்தர் டன்னட் என்று முழுசாக வெட்ட வேண்டும் என்றார். டக்ளஸ் சரியென்று வண்டியை எடுத்தார். அழுதுகொண்டே ஓட்டியதால் வெளியே போகும் சாலையைத் தவறவிட்டு, வட்டத்தை இன்னொரு தடவை சுற்ற வேண்டியதாயிற்று. இஞ்சினுக்கு நேராக வந்தபோது பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"ஏண்டா, ஹாரன் அடிக்க மாட்டியா?"

டக்ளஸ் அடித்தார்.